வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: கிரெடிட்டையும் காசையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில், எங்கள் தெருவில் கிரெடிட் என்று சொன்னால் கடன் என்றுதான் அர்த்தம். என் அக்கா மகள் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டில் இருந்தபோது, "மாமா, ஜெர்மனியில ஒரு செமஸ்டர் படிச்சா 30 கிரெடிட் தருவாங்களாம்" என்று வந்து நின்றாள். அக்காவுக்குச் சட்டென்று முகம் வாடிவிட்டது. "எவ்வளவு கடன்? யார் கட்டுறது?" என்றுதான் கேட்டாள்.

அக்கா கேட்டது சரியான கேள்வி. வெளிநாட்டுப் படிப்பில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று பாடத்துக்குக் கிடைக்கும் கிரெடிட், இன்னொன்று பணம். கல்லூரி முதல் கணக்கை மட்டும் பேசுகிறது, வங்கி இரண்டாவதை மட்டும் பேசுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். எங்கள் வீட்டில் அதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டோம். தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ வியாசர்பாடியிலோ, வீட்டில் முதல் ஆளாகப் பாஸ்போர்ட் எடுக்கும் பிள்ளைக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் அது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் கொடுக்கும் கிரெடிட் வேறு, திரும்பி வந்தபின் உங்கள் மார்க் ஷீட்டில் ஏறும் கிரெடிட் வேறு. நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் இரண்டாவதற்காகத்தான்.

எந்த வகை என்று முதலில் கேளுங்கள்

"ஸ்டடி அப்ராட்" என்ற ஒரே பேரில் நான்கு வகை இருக்கின்றன. எக்ஸ்சேஞ்ச் என்றால் இரண்டு கல்லூரிகளுக்கும் ஒப்பந்தம் இருக்கும். இங்கே வழக்கமான ஃபீஸைக் கட்டினால் போதும், அங்கே டியூஷன் ஃபீஸ் கிடையாது. இரண்டாவது, அங்கேயும் முழு ஃபீஸ் கட்டிப் படிக்கும் செமஸ்டர். மூன்றாவது, இரண்டு மூன்று வாரக் கோடைப் பயிற்சி. இதில் பெரும்பாலும் கையில் வருவது சான்றிதழ்தான், கிரெடிட் வரும் என்று நம்பிப் போகக்கூடாது. நான்காவது, முழுப் பட்டத்தையும் அங்கேயே படிப்பது.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி போதும்: "அந்த செமஸ்டருக்கு டியூஷன் ஃபீஸ் நான் எந்தக் கணக்கில் கட்ட வேண்டும்?" பதில் இரண்டு கணக்கு என்று வந்தால் அது எக்ஸ்சேஞ்ச் இல்லை, பிரசுரத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும் சரி.

கிரெடிட் என்பது உழைப்பின் மணிக்கணக்கு

நம் கல்லூரிகளில் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் முழுக்க நடந்தால் அது ஒரு கிரெடிட். லேப் என்றால் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. அமெரிக்காவிலும் ஏறக்குறைய இதே முறைதான். அங்கே இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட், அதாவது ஆண்டுக்கு 30.

ஐரோப்பாவில் ஈசிடிஎஸ் என்ற முறை. வகுப்பு நேரம் மட்டுமல்ல, வீட்டில் படிப்பது, அசைன்மென்ட், பரீட்சைக்குத் தயாராவது எல்லாம் சேர்ந்து 25 முதல் 30 மணி நேர உழைப்புக்கு ஒரு கிரெடிட். ஓராண்டு முழுநேரப் படிப்பு 60, ஒரு செமஸ்டர் 30. பிரிட்டனில் இன்னொரு அளவுகோல்: இளநிலையில் ஆண்டுக்கு 120, ஓராண்டு மாஸ்டர்ஸுக்கு 180. பிரிட்டனின் இரண்டு கிரெடிட் ஒரு ஈசிடிஎஸ்ஸுக்குச் சமம்.

ஆக ஓராண்டு உழைப்புக்கு அமெரிக்காவில் 30, ஐரோப்பாவில் 60, பிரிட்டனில் 120 என்று எழுதுகிறார்கள். படியும் லிட்டரும் போலத்தான், அளவு மாறினால் எண் மாறும். "அங்கே 30 கிரெடிட் தருகிறார்கள், இங்கே 20தான்" என்று யாராவது ஆசை காட்டினால் மயங்க வேண்டாம்.

சிக்கல், இந்தியக் கிரெடிட்டாக மாற்றும்போதுதான் வருகிறது. இந்தியாவின் தேசிய கிரெடிட் சட்டகம் ஓராண்டுக்கு 40 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. மணிக்கணக்கில் பார்த்தால் ஒரு ஈசிடிஎஸ் கிட்டத்தட்ட ஒரு இந்தியக் கிரெடிட். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 60-க்கு 40, அதாவது ஒன்றரைக்கு ஒன்று. வகுப்பு நேரத்தை மட்டும் எண்ணும் கல்லூரி இரண்டுக்கு ஒன்று என்றும் போடும். 6 ஈசிடிஎஸ் பாடம் ஒன்று இங்கே 3 ஆகவும் ஆகலாம், 4 ஆகவும் ஆகலாம். எந்தக் கணக்கு என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்கிறது. போவதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டிய விவரம் இது.

மதிப்பெண்ணிலும் இதே கதை. ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வந்தால் பாஸ். நம் சிஜிபிஏவை அவர்கள் மாற்றும் சூத்திரம் சுலபம்: உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, அதை உச்சத்துக்கும் பாஸுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். 10-க்கு 8.2 எடுத்து, பாஸ் 5 என்றால் 2.08 வரும். திரும்பி வரும்போது உங்கள் கல்லூரி அந்த மதிப்பெண்ணைச் சிஜிபிஏவில் சேர்க்குமா, வெறும் பாஸ் என்று போடுமா? இதையும் கேளுங்கள். வேலைக்கு எடுக்கும் கம்பெனிகள் சிஜிபிஏ கட்-ஆஃப் வைக்கும்போது அது பெரிய வித்தியாசமாகத் தெரியும்.

வாய்வார்த்தை வேண்டாம், கையெழுத்து வேண்டும்

இந்த இடத்தில்தான் நாங்கள் விழுந்தோம். அக்கா மகள் ஐந்து பாடங்கள் எடுத்தாள். மொத்தம் 27 ஈசிடிஎஸ், இங்கே 17 கிரெடிட்டாக ஏறும் என்று நினைத்தோம். துறைத் தலைவர் "போய்ட்டு வாம்மா, பார்த்துக்கலாம்" என்றார். நல்ல மனுஷர், மனதாரத்தான் சொன்னார். அவள் திரும்பி வந்தபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். சிலபஸைப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டு, மூன்று பாடங்களை மட்டும் ஏற்றுக்கொண்டார். 10 கிரெடிட் ஏறியது. மற்ற இரண்டு பாடங்களை இறுதியாண்டின் சுமையோடு சேர்த்து இங்கே மறுபடி எழுதினாள்.

அதனால் கிளம்புவதற்கு முன் ஒரே தாளில் இவ்வளவும் இருக்க வேண்டும்: அங்கே எடுக்கும் பாடத்தின் பெயர், குறியீடு, கிரெடிட், அதற்கு ஈடாக இங்கே நீக்கப்படும் பாடத்தின் பெயர், குறியீடு, கிரெடிட். கீழே துறைத் தலைவரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் நீங்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஐரோப்பாவில் இதை லேர்னிங் அக்ரிமென்ட் என்கிறார்கள். உங்கள் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழோ சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழோ இணைப்புக் கல்லூரியாக இருந்தால், பட்டம் தருவது பல்கலைக்கழகம்தான். துறைத் தலைவர் கையெழுத்தோடு நிற்காமல், பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் கடிதம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் முழு சிலபஸைப் பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போனபின் பாடம் மாறுவது சகஜம், வகுப்பு நேரங்கள் மோதும். அப்படி மாறினால் அன்றைக்கே மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்த பிறகு மாற்றுங்கள். எப்போதும் ஒரு பாடம் கூடுதலாக ஒப்புதல் வாங்கி வைத்திருப்பது நல்லது.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே வகுப்புக்குப் போனால் மட்டும் போதாது, பரீட்சைக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கடைசித் தேதி உண்டு. தேதியைத் தவறவிட்டால், நாலு மாதம் உட்கார்ந்து படித்தும் கிரெடிட் கிடையாது. முழுப் பட்டத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பரீட்சையை மூன்று முறைதான் எழுத முடியும். அரியர் வைத்து எப்போதாவது எழுதிக்கொள்ளலாம் என்ற நம் பழக்கம் அங்கே உதவாது.

காலண்டரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் மார்ச் வரை, கோடை செமஸ்டர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. நமக்கு ஒற்றைப்படை செமஸ்டர் ஆடிவாக்கில் தொடங்கி நவம்பர், டிசம்பரில் பரீட்சையோடு முடியும். அக்டோபரில் கிளம்பினால் இங்கே நடக்கிற செமஸ்டரின் பரீட்சையும் போகும், அடுத்த செமஸ்டரின் தொடக்கமும் போகும். ஏப்ரலில் கிளம்பினால் இறுதியாண்டின் முதல் மாதங்கள் போகும், கேம்பஸ் இன்டர்வியூ தொடங்குவதும் அந்தச் சமயத்தில்தான். எந்தப் பரீட்சையைப் பிறகு எழுத அனுமதிப்பார்கள், ஆன்லைனில் இன்டர்வியூவுக்கு உட்கார விடுவார்களா என்பதையும் அந்த ஒப்புதல் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

செலவு வேறு, காட்ட வேண்டிய பணம் வேறு

நம் வீடுகளில் பெரும் பயத்தைக் கிளப்புவது இரண்டாவது. ஜெர்மன் விசாவுக்கு, பிளாக்ட் அக்கவுன்ட் என்ற முடக்கப்பட்ட கணக்கில் மாதத்துக்கு 992 யூரோ வீதம் போட்டுக் காட்ட வேண்டும். முழு ஆண்டுக்கு 11,904 யூரோ. இது 2024 செப்டம்பரில் வந்த தொகை, விண்ணப்பிக்கும் நாளில் தூதரகப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ. கணக்கு சுலபமாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் 5,95,200 ரூபாய். இது யாருக்கும் கட்டும் ஃபீஸ் இல்லை, உங்கள் பணம்தான். அங்கே போனபின் மாதாமாதம் உங்கள் கைக்கே வரும். ஆனால் கிளம்பும் முன்பே மொத்தமாக இருக்க வேண்டும். சிக்கனமாக இருந்தால் கடைசியில் மிச்சம்கூட நிற்கும்.

பிரிட்டன் விசாவில் இன்னொரு விதமான கண்டிப்பு. பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். அதுவும் மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோதான். மாமா, சித்தப்பா கணக்கில் எவ்வளவு இருந்தாலும் செல்லாது. பெற்றோர் கணக்கைக் காட்டினால் உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் அப்பா பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி என்றிருந்தால், அந்த வேலையை ஆறு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

இனி உண்மையான செலவு. எங்கள் நோட்டில் இருந்ததை அப்படியே தருகிறேன், ஒரு சிறிய ஜெர்மன் ஊர், எக்ஸ்சேஞ்ச், ஆறு மாதம். ஹாஸ்டல் அறை மாதம் 340 யூரோ, மொத்தம் 2,040. சாப்பாடு, தானே சமைத்து, 1,320. மருத்துவக் காப்பீடு 750. பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் பங்களிப்பு 160, அதிலேயே உள்ளூர்ப் பேருந்துப் பாஸ் அடங்கிவிட்டது. விசா 75. ஒலிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 வீதம் 110. டிவி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு வீடு அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். போன், சில்லறைச் செலவு 245. ஆக 4,700 யூரோ, நம் கணக்கில் 4,70,000 ரூபாய். விமானம் போக வர 72,000, குளிர் உடை 15,000, நோட்டரி, கூரியர், நகல் எல்லாம் 9,000. மொத்தம் 5,66,000. அறைக்கு அட்வான்ஸ் 680 யூரோ தனி, அது பிறகு திரும்பி வந்தது.

இப்போது இரண்டு கணக்கையும் சேருங்கள். 17 கிரெடிட்டும் ஏறியிருந்தால் ஒரு கிரெடிட்டின் விலை சுமார் 33,300 ரூபாய். ஏறியது 10 என்பதால் 56,600. ஒரு கையெழுத்தை வாங்காமல் விட்டதன் விலை அது. அவள் பார்த்த உலகத்துக்கும், தனியாக நின்று சமாளித்த தைரியத்துக்கும் நான் விலை போடவில்லை. அதை நினைத்து அக்கா இன்றைக்கும் பெருமைப்படுகிறாள். ஆனாலும் அந்தப் பணத்தில் பாதி அக்காவின் வளையல்கள்.

முழுப் பட்டத்துக்குப் போகிறவர்கள்

இங்கேயும் அதே வகுத்தல்தான். பிரிட்டனில் மாஸ்டர்ஸ் ஃபீஸ் 18,000 பவுண்டு என்று வைத்தால், 180-ஆல் வகுக்க ஒரு கிரெடிட் 100 பவுண்டு, 20 கிரெடிட் பாடம் ஒன்று 2,000 பவுண்டு. பாடத்தைத் திரும்ப எடுத்தால் என்ன கட்டணம் என்று சேர்வதற்கு முன்பே பாருங்கள். விசாவோடு சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்டு தனியாகக் கட்ட வேண்டும். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்றே ஃபீஸ் போடுகின்றன. பணம் மிச்சம் பண்ணப் பாடத்தைக் குறைக்கலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். இளநிலையில் செமஸ்டருக்குக் குறைந்தது 12, முதுநிலையில் பெரும்பாலும் 9 கிரெடிட் எடுத்தால்தான் மாணவர் விசா நிலைக்கும். செவிஸ் என்ற அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கான கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், இரண்டும் வேறு வேறு.

ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் வாங்குவதில்லை. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டர் முதல் வாங்குகிறது. ஃபீஸ் இல்லாத இடத்திலும் காலம்தான் செலவு: தீசிஸ் ஒரு செமஸ்டர் இழுத்தால் இன்னொரு ஆறு மாத வாடகையும் சாப்பாடும். ஜெர்மனியில் பட்டம் படிக்கப் போகும் இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழ் வேண்டும். நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் சான்றிதழ் அது, அதற்கு 18,000 ரூபாய்.

கடன் வாங்குவதானால்

7.5 லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்பதில்லை, 4 லட்சத்துக்கு மேல் ஷூரிட்டி கேட்பார்கள். 7.5 லட்சத்துக்கு மேல் பொதுவாக ஈடு கேட்பார்கள். வெளிநாட்டுப் படிப்புக்கு 4 லட்சத்துக்கு மேல் கடன் என்றால், பொதுவாக மொத்தச் செலவில் 15 சதவீதம் உங்கள் கைப்பணமாக இருக்க வேண்டும்.

ஈடு என்ற இடத்தில்தான் வடசென்னை வீடுகள் பல தடுக்கி விழுகின்றன. குடிசை மாற்று வாரிய வீட்டில் முப்பது வருடம் இருந்திருப்போம், கையில் அலாட்மென்ட் ஆர்டர்தான் இருக்கும், விற்பனைப் பத்திரம் வாங்கியிருக்க மாட்டோம். அலாட்மென்ட் ஆர்டரை வங்கி ஈடாக எடுக்காது. சிலருக்குத் தாத்தா பெயரிலேயே பத்திரம் கிடக்கும், வாரிசுகள் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பிள்ளை இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே எடுத்துப் பாருங்கள். அட்மிஷன் கடிதம் வந்தபின் ஓடினால் நேரம் போதாது. அப்பா துறைமுகத்தில் கான்ட்ராக்டிலோ காசிமேட்டில் மீன் வியாபாரத்திலோ இருந்தால், வருமானத்துக்குக் காகிதம் இருக்காது. வருமான வரிக் கணக்கை இரண்டு மூன்று வருடம் முன்பிருந்தே தாக்கல் செய்து வாருங்கள், வரி வராத வருமானமாக இருந்தாலும் பரவாயில்லை.

வட்டியையும் போட்டுப் பாருங்கள். 20 லட்சம், 10 சதவீதம், இரண்டு வருடப் படிப்பு, அதன்பின் ஒரு வருட அவகாசம். முழுத் தொகையும் முதலிலேயே வெளியே போனால், தவணை தொடங்கும் நாளில் தனி வட்டியிலேயே கடன் 26 லட்சம் ஆகியிருக்கும். பத்து வருடத்தில் கட்ட மாதம் சுமார் 34,400. படிக்கும்போதே வட்டியை மட்டும் மாதம் 16,700 கட்டி வந்தால் பிறகு வரும் தவணை 26,400. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே வங்கி பிடித்துவைக்கும் வரிக்கு டிசிஎஸ் என்று பெயர். கல்விக் கடனில் அனுப்பும் பணத்துக்கு அதைப் பிடிப்பதில்லை. கைப்பணம் ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பார்கள், அதை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம்.

சிறுபான்மையினருக்கான பதோ பர்தேஷ் வட்டி மானியத்தைப் பற்றி இன்னும் பலர் நம்பிக்கையோடு கேட்கிறார்கள். அது 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. பட்டியலின மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது, தமிழக ஆதிதிராவிடர் நலத்துறையும் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவுகிறது. ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் போய் நேரில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் மாஸ்டர்ஸ் படிப்புக்குத் தரும் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்தால் ஃபீஸும் கிடையாது, மாதம் 1,400 யூரோவும் கையில் வரும். அதற்கு ஏஜென்ட் தேவையில்லை, நீங்களே விண்ணப்பிக்கலாம்.

ஏஜென்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபீஸ் வாங்காமல் ஆலோசனை சொல்லும் அலுவலகங்கள் பல, சேர்த்துவிடும் பல்கலைக்கழகத்திடம் கமிஷன் வாங்குகின்றன. கமிஷன் தராத அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயர் அங்கே உங்கள் காதில் விழாமலே போகலாம். பட்டியல் கொடுத்தால், அதில் இல்லாத பெயர்களை நீங்களே தேடிப் பாருங்கள்.

திரும்பும் முன்பும் திரும்பியபின்பும்

கிளம்பும் முன் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது பாடங்களும் மதிப்பெண்ணும் உள்ள பட்டியல், எப்போது வரும் என்று அங்குள்ள சர்வதேச அலுவலகத்தில் கேட்டு, முத்திரையிட்ட நகலை நேராக உங்கள் கல்லூரிக்கே அனுப்பச் சொல்லுங்கள், உங்களுக்கும் ஒன்று. ஜெர்மனியில் இருந்தால் நகர அலுவலகத்தில் வெளியேறும் பதிவைச் செய்து, அந்தத் தாளை வைத்து ஒலிபரப்புக் கட்டணக் கணக்கையும் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பில் ஓடிக்கொண்டே இருக்கும். அறையைப் படம் எடுத்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள், அட்வான்ஸில் பிடித்தம் வந்தால் அந்தப் படம் உதவும். அட்வான்ஸ் வந்து சேரும்வரை வங்கிக் கணக்கை மூட வேண்டாம்.

சென்னையில் இறங்கிய வாரமே டிரான்ஸ்கிரிப்டையும் அந்தக் கையெழுத்துத் தாளையும் சேர்த்துத் துறையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அடுத்த மார்க் ஷீட் வந்ததும் பாடம் பாடமாக ஒப்பிடுங்கள், டிஜிலாக்கரில், மாணவரின் கிரெடிட்டைச் சேர்த்து வைக்கும் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்ற உங்கள் கணக்கில் ஏறியதா என்றும் பாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால், அந்த முத்திரை போட்ட நகலோடு பரீட்சைக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போங்கள், இறுதியாண்டு மார்க் ஷீட் அச்சாவதற்கு முன்பாக.